இலையை மடித்த பக்கம்

இலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் திருநெல்வேலிக்காரி. கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் இலையின் மேல்பாதியை நம் பக்கமாக மடக்க வேண்டும். இந்த வீட்டு உறவு வேண்டும், இன்னும் வருவோம் என்று அர்த்தம். துக்க வீட்டில் கீழ்ப்பாதியை எதிர்ப்பக்கமாக மடக்க வேண்டும். இப்படி ஒரு சாப்பாடு இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று அர்த்தம். விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போன தைப் பொங்கலன்று கண்டியில், என் வீட்டுக் கூடத்தில், ஓர் இலை எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டது. பார்த்த ஒருவர் அதை அறியாமை என்றார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவருக்குக் கண்டிக்கு வெளியே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அதற்காகத்தான் சில வருஷங்களுக்கு முன்பு இங்கே வந்தோம். ஊரில் என் அண்ணிமார் நான் 'பாரினில்' இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். என்ன பாரின்? விமானத்தில் கொடுக்கிற காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுகிறார்கள். பஸ்ஸில் தமிழ் கேட்கிறது, கோயிலில் தமிழ், துணிக்கடையில் தமிழ். ஆனால் தை பிறந்தால் தெரியும், வெளிநாடு என்றால் என்னவென்று. பொங்கல்படிச் சீர் கொண்டுவர அண்ணன் வரமாட்டான். வாசலில் கோலம் போட்டால் கண்டி மழை கரைத்துவிடும். வாடகை மாடிவீட்டில் பொங்கல்கட்டி வைத்து அடுப்பு மூட்ட ஒரு கை மண் கிடையாது. முதல் வருஷம் கேஸ் அடுப்பில் குக்கரை வைத்து, விசில் சத்தத்துக்கு "பொங்கலோ பொங்கல்" சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

அந்த அழுகையை நிறுத்தியது ஒரு கிழங்கு. திருநெல்வேலிக்காரருக்குச் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. அடுத்த தை வந்தபோது கண்டி மார்க்கெட்டில் கடை கடையாகக் கேட்டேன். ஒரு கடைக்காரர் உருளைக்கிழங்கைக் காட்டினார். இல்லை என்றதும் இஞ்சியைக் காட்டினார். கையால் உருட்டிக் காட்டினேன், மண்ணைக் காட்டினேன், தோலைத் தேய்ப்பதுபோல் காட்டினேன். அந்த மனுஷன் பயந்துபோனார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து அவிழ்த்தார். கறுப்பாக, மண்ணோடு, குட்டி குட்டியாக என் சிறுகிழங்கு.

"சிங்களத்துல 'இன்னல'ன்னு கேளுங்க அக்கா. நீங்க சொல்ற பேரு இங்க யாருக்கும் தெரியாது" என்றாள் அந்தப் பெண். "தேய்க்கிறதுக்கு வீட்டுல சாக்கு இருக்கா?"

இல்லை. அவளே ஒரு சாக்கு வாங்கிக் கொடுத்தாள்.

அவள் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அவளுடைய அம்மா கொழுந்து பறித்து அவளைப் படிக்க வைத்தார். வேலை கிடைத்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பேராதனைப் பக்கம் இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். தோட்டத்து வீடும் இன்னும் இருக்கிறது. லீவு நாட்களில் அங்கே போவார்கள். என்னை அக்கா என்பாள். நான் அவளை டீச்சர் என்பேன். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்த வாரத்தில் என் கணவர் வேலை வேலை என்று ஓடியபோது, பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். விசா ஆபீஸில் எந்த வரிசையில் நிற்க வேண்டும், மீன்காரரிடம் எப்படிப் பேரம் பேச வேண்டும், எல்லாம் அவளிடம் கற்றதுதான். இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்றால் அந்த இரண்டு பேர்தான்.

அவளுடைய பெரியப்பா இறந்தபோது கருமாதிச் சாப்பாட்டுக்குக் கலஹாவுக்குப் போயிருந்தேன். லயத்துக்கு முன்னால் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் சாப்பிட்டு முடித்துப் பழக்கதோஷத்தில் இலையை என் பக்கமாக மடித்துவிட்டேன். டீச்சரின் அம்மா அந்தப் பக்கமாக வந்தவர், குனிந்து, என் இலையைப் பிரித்து எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள்கூடக் கவனிக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டுக்காரர்களுக்கு இலை மடிக்கத் தெரியாது என்று பிறகு ஒருவர் சொன்னார். அதற்காகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் என் கணவரின் தொழிற்சாலைக்குச் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். கூடவே அவர் மனைவியும் வந்தார். எல்லோரும் அவரை மேனேஜரம்மா என்போம். வந்த மாதமே, "இந்தப் பொங்கலை நம்ம ஆளுங்க எல்லாரும் சேர்ந்து பெருசா பண்ணணும்" என்றார். நம்ம ஆளுங்க என்றால் தமிழ்நாட்டிலிருந்து வந்து தொழிற்சாலையில் வேலை செய்கிற குடும்பங்கள். எங்கள் வீட்டுக்காரம்மா, கீழ்த்தளத்தில் இருக்கிற சிங்கள அம்மா, தன் பின்வாசலில் அடுப்பு மூட்ட விடுவார் என்பதால் விருந்து எங்கள் வீட்டில் என்று முடிவானது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளிநாட்டுக்கு வந்து முதன்முதலாக ஆள் நிறைந்த பொங்கல்.

அன்றைக்கே டீச்சருக்குப் போன் பண்ணினேன். அவள் தயங்கினாள்.

"வேணாம் அக்கா. உங்க கம்பெனிக்காரங்க எல்லாம் வர்றாங்க. நாங்க மறுநாள் வர்றோம்."

"மறுநாள் வர்றதுக்கு இது என்ன மீந்த சாப்பாடா?" என்று நான் கோபித்துக்கொண்டேன். "முதல் பந்தி, முதல் இலை உங்க அம்மாவுக்கு. நான் சொல்லிட்டேன். வரலைன்னா இனிமே என்கூடப் பேசாதீங்க."

பிறகு, "சரிக்கா, வர்றோம்" என்றாள். அவள் ஏன் தயங்கினாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் வாக்கை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் மேனேஜரம்மாவிடமிருந்து போன். ஹாலில் எத்தனை இலை போடலாம் என்று கேட்டார். நெருக்கிப் போட்டால் எட்டு என்றேன்.

"அப்போ ரெண்டு பந்தி ஆயிடும். நம்ம ஆளுங்க முதல்ல உக்காந்துடலாம். அந்த டீச்சரும் அவங்க அம்மாவும் அடுத்ததுல உக்காரட்டும். நம்மளோட உக்காந்தா அவங்களுக்கே சங்கடமா இருக்கும்மா."

இந்த 'அவங்களுக்கே' இருக்கிறதே, இதைக் கண்டுபிடித்தவர்களைப் பிடித்து உதைக்க வேண்டும். தனக்குப் பிடிக்காததை அடுத்தவர் சங்கடமாக்கி, அந்தச் சங்கடத்துக்குத் தானே இரக்கமும் பட்டுக்கொள்கிற வித்தை அது. எனக்குக் காது மடல் சூடாகியது. "முதல் இலை அவங்க அம்மாவுக்குன்னு வாக்கு கொடுத்துட்டேன்" என்றேன். "சரி சரி, பார்த்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கணவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டார். "ஒரு நாள் தானே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்" என்றார்.

எங்கள் கல்யாணத்திலிருந்து இந்த 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் பண்ணிக்கொள்ள வேண்டும் என்பதில் மட்டும் எப்போதும் சந்தேகமே வந்ததில்லை. முதல் இலையில் டீச்சரின் அம்மா உட்காரவில்லை என்றால் அடுப்பே மூட்ட மாட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, பந்தியை நான் பார்த்துக்கறேன். நீ சமையலைப் பாரு" என்றார். நம்பினேன்.

பொங்கலன்று விடிந்ததே தூறலோடுதான். டீச்சரும் அவள் அம்மாவும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். தெல்தோட்டையில் சொந்தக்காரர் தோட்டத்தில் அறுத்த வாழையிலைக் கட்டு, கிழங்கோடு ஒரு மஞ்சள் கொத்து, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிடைக்கிற காய்ந்த மிலாறு ஒரு கட்டு. எல்லாவற்றையும் நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அம்மா மாம்பழக் கலரில் புதுச்சேலை கட்டியிருந்தார். "நல்லா இருக்கும்மா" என்றதும் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு அந்தப் புதுச்சேலையோடேயே சாக்கில் சிறுகிழங்கைப் போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். விருந்தாளி வேலை செய்யக் கூடாது என்று நான் தடுத்தேன். "சும்மா உக்காந்திருந்தா எனக்குக் கை உளையும்" என்றார்.

தூறலில் அடுப்பு பிடிக்க மாட்டேன் என்றது. வீட்டுக்காரம்மா தகரம் ஒன்றை எடுத்துவந்து அடுப்புக்கு மேலே சாய்த்துக் கொடுத்தார். மிலாறு மட்டும் இல்லையென்றால் அன்றைக்குப் பானை பொங்கியிருக்காது. எப்படியும் நேரம் தள்ளிப்போய், பால் நுரைத்து மேலே வரும்போது கிட்டத்தட்ட மத்தியானம் ஆகிவிட்டது. கிழக்குப் பக்கமாக வழிந்தது. மூன்று பேரும் சத்தம் போட்டோம். வீட்டுக்காரம்மாவுக்கும் அது புதிதில்லை. அவர்கள் வருஷப் பிறப்புக்குப் பால் பொங்க விடுவார்கள். எந்தப் பக்கம் வழிந்தது என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

அரிசியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும்போது மேலே ஜன்னலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "டீச்சரையும் அம்மாவையும் மேலே அனுப்பு. பந்தி போடப் போறோம்."

என் மனசு நிறைந்தது. பரவாயில்லையே மனுஷன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். "போங்கம்மா, முதல் இலையில உக்காருங்க. நெய்யை ஊத்தி இறக்கிட்டு நான் பானையோட வந்துடறேன்" என்றேன். அம்மா கையைக் கழுவி, சேலை மடிப்பை நீவிவிட்டு, மகளோடு படியேறினார். நான்தான் அனுப்பி வைத்தேன்.

பானையைத் துணியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். எட்டு இலை. எட்டிலும் கம்பெனிக்காரர்கள். முதல் இலையில் மேனேஜரம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், அடுத்ததில் மேனேஜர். டீச்சர் சாம்பார் வாளியோடு குனிந்து குனிந்து போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் அம்மா, மாம்பழக் கலர் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, செம்பிலிருந்து டம்ளர்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

என் கணவர் கதவோரம் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

"வாம்மா. சாருக்குச் சுகர், நேரத்துக்குச் சாப்பிடணும், அதான் ஆரம்பிச்சுட்டோம்" என்றார் மேனேஜரம்மா. "உன் டீச்சர் நல்லா பரிமாறுறா."

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சொல்லி வைத்தவர் இந்த அம்மாளை நேரில் பார்த்திருக்க வேண்டும். பரிமாறுறாளாம். அவள் விருந்துக்கு வந்தவள். பரிமாற வேண்டியவள் நான், பரிமாற வேண்டியவர் அங்கே விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷன். பானையை அப்படியே நடுக்கூடத்தில் போட்டு உடைத்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டவரை எழுப்பக் கூடாது. எதிரியாக இருந்தாலும் கூடாது. அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறார்கள். அந்த அம்மாளையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். அதனால்தான் நான் மேலே வருவதற்குள் உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலே அதில்தான். நல்ல வழக்கமெல்லாம் இவர்களுக்குத் தெரியும், தங்களுக்கு வேண்டிய இடத்தில் மட்டும்.

பானையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவின் கையிலிருந்த செம்பைப் பிடித்தேன். "நீங்க உள்ளே போய் உக்காருங்கம்மா."

"இருக்கட்டுங்கம்மா. சாப்பிடுறவங்க சாப்பிடட்டும்" என்றார். செம்பை விடவில்லை.

டீச்சர் என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னாள். "பரவாயில்லக்கா."

பரவாயில்லையாம். கோபப்பட வேண்டியவள் கோபப்படாமல் என்னைச் சமாதானப்படுத்துகிறாள். எத்தனை வருஷமாக, எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் இந்தப் பரவாயில்லையைச் சொல்லிச் சொல்லி அது அவ்வளவு வழுவழுப்பாக வருகிறது என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் கூட்டைத் தூக்கிக்கொண்டாள்.

சாப்பிட்டார்கள். சிறுகிழங்கு பிரமாதம் என்றார்கள். யார் தேய்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டுப் பேரும் இலையை முறைப்படி தங்கள் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்கள். மேனேஜரம்மா கை கழுவிவிட்டு வந்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, டீச்சரின் அம்மாவிடம் சொன்னார்.

"இந்த இலையெல்லாம் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா, அடுத்து நீங்க உக்காந்துடலாம்மா."

அம்மா குனிந்தார். உடனே குனிந்துவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கை இலையில் படுவதற்குள் நான் போய் இழுத்துவிட்டேன்.

"என் வீட்டு எச்சில் இலையை நான் எடுப்பேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

"எதுக்கும்மா டென்ஷன்? அவங்களுக்குப் பழக்கம்தானே" என்றார் மேனேஜரம்மா.

பதில் சொன்னால் என் வாயிலிருந்து என்ன வருமென்று எனக்கே தெரியாது. எட்டு இலையையும் அள்ளி, சாம்பார் என் முழங்கையில் வழிய, பின்வாசல் குழியில் கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி வந்து தரையைத் துடைத்தேன். புது இலைகள் நான்கை நானே போட்டேன். முதல் இலையில் அம்மாவைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பக்கத்தில் டீச்சர். அவளுக்குப் பக்கத்தில் நான். கடைசியில் என் கணவர். சாதம், பொங்கல், கூட்டு எல்லாவற்றையும் நடுவில் வைத்துக்கொண்டு எடுத்துப் போட்டுக்கொண்டோம். மேனேஜரும் மற்றவர்களும் மாடி முகப்பில் போய் நின்று கிரிக்கெட் பேசினார்கள். மேனேஜரம்மா மட்டும் எங்களுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடுகிறவர்களுக்குப் பேச்சுத் துணையாம்.

"இந்தியாவுல உங்களுக்கு எந்த ஊரு?" என்று டீச்சரைக் கேட்டார்.

"எங்களுக்குக் கலஹாங்க."

"அது சரிம்மா. ஒரிஜினலா?"

டீச்சர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அம்மாதான் மரியாதைக்குப் பதில் சொன்னார். "துறையூர் பக்கம்னு எங்க அப்பா சொல்லுவாருங்க. அவரும் பார்த்ததில்ல. அவருக்கு அவங்க தாத்தா சொன்னது."

"துறையூரா? அங்க எந்தத் தெரு?"

ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்வதற்கு. தெருவைக் கேட்பது எதற்கு என்று தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தெரியும். கப்பலேறி வந்து, மலையை வெட்டித் தேயிலை நட்டு, இங்கேயே செத்துப் புதைந்தவருடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகளிடம், பொங்கல் சோறு வாயில் இருக்கும்போது, தெருவைக் கேட்கிறார். நான் சோற்றைக் கீழே வைத்தேன். என் கணவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

டீச்சர் தலையை நிமிர்த்தினாள். "மேல் பிரிவு, ரெண்டாவது லயம்" என்றாள்.

மேனேஜரம்மா சிரித்தார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. "ஓ, லயமா. அதானே பார்த்தேன். பரிமாறும்போதே தெரிஞ்சுது, பழகின கை."

அம்மா தண்ணீர் டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார். டீச்சரின் இலையில் இன்னும் பாதிப் பொங்கல் இருந்தது. இடது கையால் இலையின் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, நிதானமாக, எதிர்ப்பக்கமாக மடித்து, நீவிவிட்டாள்.

"அய்யோ" என்றார் மேனேஜரம்மா. உண்மையாகவே இரக்கப்பட்டார், அதைச் சொல்ல வேண்டும். "பாவம், இத்தனை காலம் இங்க இருந்து இலை மடிக்கிறதுகூட இவங்களுக்கு மறந்துபோச்சு. அது எழவு வீட்டுல மடிக்கிறதும்மா."

"தெரியுங்க" என்றாள் டீச்சர்.

மேனேஜரம்மாவுக்கு அந்தப் பதில் போய்ச் சேரவேயில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லிச் சமாளிக்கிறாள் என்று நினைத்து என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்குப் போய்ச் சேர்ந்தது. இலை எந்த வீட்டில் மடிக்கப்படுகிறதோ அந்த வீட்டுக்குத்தான் செய்தி. இது என் வீடு. கிழங்கு தேடிக் கொடுத்தவள், கஞ்சி வைத்துக் கொடுத்தவள், என் வீட்டில் இனி ஒரு சாப்பாடு வேண்டாம் என்கிறாள். எப்படிச் சொல்லாமல் இருப்பாள்? வரமாட்டேன் என்றவளை வாக்குக் கொடுத்து வரவழைத்தது இந்த வீடு.

என் இலையின் கீழ் விளிம்பைப் பிடித்தேன். எதிர்ப்பக்கமாக மடித்தேன்.

"ஏய், என்ன செய்யறே நீ" என்றார் என் கணவர். பொங்கலன்று, வீட்டுக்காரி, தன் வீட்டு இலையை எழவு வீட்டுப் பக்கம் மடிப்பது என்றால் எங்கள் ஊரில் கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். மேனேஜரம்மாவின் புன்னகை போய்விட்டது. எனக்கு மறந்துபோச்சு என்று அவரால் சொல்ல முடியாது, நான் திருநெல்வேலிக்காரி. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் நல்லா இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஒருவரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

டீச்சரின் அம்மா மகளைத் தாண்டி எட்டி, என் இலையைப் பிரித்தார். மேல்பாதியை இழுத்து என் பக்கமாக மடித்தார். கருமாதி வீட்டில் செய்த அதே கை, அதே நிதானம். "வீட்டுக்காரி இப்படி மடிக்கக் கூடாதும்மா. வெளக்கு ஏத்துற வீடு" என்றார். தன் இலையையும் தன் பக்கமாகவே மடித்தார். மகளின் இலையை அவர் தொடவில்லை.

என் கணவர் இலையை எந்தப் பக்கமும் மடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன், ஒரு முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் இப்படித்தான், எழுந்து போய்விடுவார். மூன்று இலையையும் எடுத்தேன். அவருடையதை எடுக்கவில்லை. அது சாயங்காலம் வரை கூடத்தில் கிடந்து, எறும்பு மொய்த்து, கடைசியில் அவரே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டார்.

அதற்குப் பிறகு டீச்சர் போன் பண்ணவில்லை. நான் பண்ணினால் எடுத்துப் பேசுவாள். வேலை இருக்கு அக்கா, பேப்பர் திருத்தணும் அக்கா. மார்க்கெட்டில் எங்கள் வழக்கமான நேரத்தில் அவளைக் காணோம். தை முழுக்க அப்படியே போனது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மேனேஜரம்மாமேல் பட்டேன், கணவர்மேல் பட்டேன், பானையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் படியேறிய என்மேலும் பட்டேன். சமையலறையில் பாத்திரங்கள் எல்லாம் நசுங்கின.

மாசி பிறந்து ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு அவளே வந்தாள். காப்பி கொடுத்தேன். இரண்டு பேரும் வெயில், மழை, பஸ் கட்டணம் என்று பேசினோம். கிளம்பும்போது படியில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அடுத்த பொங்கலுக்கு நீங்க எங்க தோட்டத்துக்கு வந்துருங்க அக்கா. அங்க ரெண்டு பந்தியெல்லாம் கிடையாது. லயத்துக்கு முன்னால நீளமாப் பாய் போட்டு எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். "அவர் இலையை அவரே எடுக்கணும், அதை மட்டும் சொல்லிருங்க."

சொன்னேன். என் கணவர் சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் நம்பவில்லை. கலஹாவுக்குப் போய் இலையை எடுக்கிறபோது பார்ப்போம்.

இப்போது மார்கழி. நேற்று மேனேஜரம்மா போன் பண்ணினார். ஒரு சங்கோஜம், ஒரு தயக்கம் கிடையாது. ஒன்றுமே நடக்காததுபோல, "என்னம்மா, இந்த வருஷமும் பொங்கல் உங்க வீட்டுலதானே? அந்தக் கிழங்கு கட்டாயம் பண்ணணும்" என்றார். ஒரு வருஷமாக நான் பாத்திரங்களை நசுக்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்கு ஞாபகத்தில் நிற்பது கிழங்கு. இந்த ஜென்மத்தில் அவருக்குப் புரியப் போவதில்லை என்று தெரிந்தது. அதனால் சண்டை போடவில்லை.

"இல்லம்மா, பொங்கலுக்கு நாங்க ஊருக்குப் போறோம்" என்றேன்.

"ஓ, திருநெல்வேலிக்கா? டிக்கெட் போட்டாச்சா?"

"கலஹாவுக்கு" என்றேன். "மேல் பிரிவு, ரெண்டாவது லயம்."